சத்தியவாணி முத்து பத்திரிகையாளராக இருந்து அமைச்சர் ஆனவரா?

வியாசர்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு இலவசத் தையல் இயந்திரம் கேட்டு மனுப் போட இ-சேவை மையத்துக்குப் போயிருக்கிறார். திட்டத்தின் பெயரே ‘சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு’ என்று தொடங்கியிருக்கிறது. யார் இந்த அம்மையார் என்று இணையத்தில் தேடினால் ‘பத்திரிகையாளர், அமைச்சர்’ என்று நாலு வரிதான் கிடைத்ததாம். பத்திரிகை நடத்திய பெண் எப்படி அமைச்சர் ஆனார், அப்புறம் ஏன் கட்சியை விட்டுப் போனார் என்பது அவர் கேள்வி. இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. நம்ம ஏரியாவில் அரசியல் செய்த ஒரு தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்ணுக்கு எழுத்துதான் வழி திறந்ததா, இல்லை கட்சி பார்த்து உட்கார வைத்ததா? இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

பெரம்பூர் பக்கம் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்துபவளாகத் தொடங்கி, பிறகு நாளிதழ் ஒன்றில் வடசென்னைச் செய்திகளை எழுதியே ஓய்வு பெற்றவள் நான். அம்மையாரை நான் பேட்டி கண்டதில்லை. தேர்தல் முடிவுகள், அமைச்சரவைப் பட்டியல்கள், பழைய இயக்க இதழ்கள், தொகுதியில் பெரியவர்கள் சொன்னவை ஆகியவற்றை வைத்துத்தான் பேசுகிறேன். இவற்றில் முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பெரியவர்கள் சொல்வதில் உணர்ச்சி சரியாக இருக்கும், ஆண்டு மாறிப்போயிருக்கும். அதனால் அவர்கள் வாய்மொழியிலிருந்து எந்தத் தேதியையும் நான் எடுக்கவில்லை.

முதலில் உறுதியான செய்திகள். 1923ல் பிறந்தவர், 1999ல் மறைந்தார். தி.மு.க. தொடங்கிய 1949லிருந்தே அதில் இருந்தவர். ‘அன்னை’ என்ற இதழின் ஆசிரியர். 1953ல் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்துப் போராட்டம் நடத்திக் கைதானார். 1957ல் பெரம்பூரில் வென்று சட்டமன்றம் போனார். 1959லிருந்து 1968 வரை கட்சியின் பிரசாரச் செயலாளர். 1962ல் அதே பெரம்பூரில் தோற்றார், 1967லும் 1971லும் அங்கேயே வென்றார். 1967ல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் அரிஜன நலத் துறையும் செய்தித் துறையும் அவரிடம் இருந்தன. 1974ல் விலகித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் என்று தனிக்கட்சி கண்டார். பிறகு அ.தி.மு.க.வுக்குப் போனார். 1978லிருந்து 1984 வரை மாநிலங்களவை உறுப்பினர், இடையில் 1979ல் சரண் சிங் ஆட்சியில் மத்திய அமைச்சர். எலும்புக்கூடு இவ்வளவுதான்.

‘பத்திரிகையாளர்’ என்று போட்டிருப்பதைப் படித்ததும், நோட்டும் பேனாவுமாகச் செய்தி சேகரிக்க ஓடிய ஒரு நிருபர் உங்கள் மனதில் வந்திருப்பார். அவர் அந்த வகை இல்லை. அந்தக் காலத்துத் திராவிட இயக்கத்தில் பேச்சாளர், பத்திரிகை ஆசிரியர், போராட்டத்தில் சிறை போகிறவர் என்று மூன்று தனித்தனி ஆட்கள் கிடையாது. அண்ணாவுக்குத் ‘திராவிட நாடு’, கலைஞருக்கு ‘முரசொலி’, நாவலர் நெடுஞ்செழியனுக்கு ‘மன்றம்’, கண்ணதாசனுக்குத் ‘தென்றல்’ என்று ஆளுக்கொரு இதழ் வைத்திருந்தார்கள். நாளிதழ்கள் அவர்கள் கூட்டங்களை ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போன காலம் அது. தாங்கள் பேசியது ஊருக்குப் போக வேண்டுமென்றால் தாங்களேதான் அச்சடிக்க வேண்டும். அந்த வரிசையில் ஒரு பெண், அதுவும் தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண், தன் பெயரை ஆசிரியர் என்று போட்டு இதழ் நடத்தியதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஓர் இதழ் தொடங்க வேண்டுமென்றால் 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி மாஜிஸ்திரேட் முன்னால் அச்சிடுபவரும் வெளியிடுபவரும் உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஆட்சேபகரமாக எழுதினால் ஜாமீன் தொகை கேட்பார்கள், கட்ட முடியாவிட்டால் இதழ் நின்றுபோகும். காகிதம் கைக்காசு கொடுத்து வாங்க வேண்டும். அச்சுக் கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகக் கேஸ் என்ற எழுத்துப் பெட்டியிலிருந்து பொறுக்கிக் கோப்பார். தமிழில் உயிர்மெய்க்கெல்லாம் தனித்தனி அறை என்பதால் அந்தக் கேஸே ஓர் ஆள் அகலத்துக்கு மேல் இருக்கும். புரூப் எடுத்துத் திருத்தி, கோத்த பக்கங்களைச் சட்டத்தில் முடுக்கி, காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் மெஷினில் அச்சடித்து, மடித்து, முகவரிச் சீட்டு ஒட்டித் தபாலில் சேர்ப்பதற்குள் இரவு போய்விடும். இதழை விற்ற ஏஜென்ட்டுகளிடமிருந்து காசு திரும்பி வருவது வேறொரு பாடு. இயக்க இதழ்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான் நடந்தன. நான் திருத்திய சின்னச் சின்ன இதழ்களில் பாதி, ஆசிரியரின் வீட்டு நகை அடகுக்கடையில் இருக்கும் வரைதான் வந்துகொண்டிருந்தன.

இதழ் வந்து சேர்ந்த பிறகு நடப்பதும் முக்கியம். பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு பக்கமெல்லாம் அப்போது மில் தொழிலாளர்களும் ரயில்வேப் பட்டறைத் தொழிலாளர்களும் நிறைந்த இடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் தெருவுக்குச் சிலர்தான். மன்றத்துப் படிப்பகத்திலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் உரக்கப் படிப்பார், பெஞ்சில் இருப்பவர்கள் கேட்பார்கள், ஷிப்ட் முடிந்து வருகிறவர் நின்றபடியே கேட்டுவிட்டுப் போவார். ஒரு பிரதி விற்றால் ஒருவர் படித்தார் என்று கணக்குப் போட முடியாது. அந்தத் தெருக்களில் ஒருவர் மேடையேறும் முன்பே அவர் பெயர் காதில் விழுந்திருக்கும். தேர்தலில் இது எத்தனை ஓட்டாக மாறியது என்று யாரும் அளந்து சொல்ல முடியாது. ஆனால் வேட்பாளர் யார் என்று தெரியவைக்கும் வேலையை இதழ் செய்துகொடுத்தது என்பது அந்தப் பகுதியின் அரசியல் நடந்த விதத்தைப் பார்த்தாலே புரியும்.

இன்னொரு பின்னணியையும் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் தாழ்த்தப்பட்ட மக்களின் அரசியல் பத்திரிகையில்தான் உருக்கொண்டது. இரட்டைமலை சீனிவாசன் 1893லேயே ‘பறையன்’ என்று பெயர் வைத்து இதழ் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி 1914ல் மறையும் வரை நடத்தினார். என். சிவராஜ் 1940களில் ‘ஜெய்பீம்’ நடத்தினார். ‘அன்னை’யை நான் இந்த வரிசையிலும் வைத்துத்தான் பார்க்கிறேன். திராவிட இயக்க இதழ்களின் பட்டியலில் மட்டும் அதைச் சேர்த்தால், 1974ல் அவர் ஏன் அப்படி ஒரு முடிவெடுத்தார் என்பது விளங்காது.

பெரம்பூருக்கும் தனி வரலாறு உண்டு. 1921ல் பின்னி மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. தொழிற்சங்கமும் அன்று ஆட்சியிலிருந்த நீதிக்கட்சியும் அப்போது தங்களுக்கு எதிராக நடந்துகொண்ட விதத்தை ஆதிதிராவிட மக்கள் மறக்கவில்லை. இவ்வளவு கசப்பு இருந்த இடத்தில், நீதிக்கட்சி வழிவந்த ஓர் இயக்கத்துக்காக ஓட்டுக் கேட்பது சாதாரணமில்லை. அங்கே நின்று பேச, அந்த மக்களில் ஒருவராக இருந்து பேசக்கூடியவர் கட்சிக்குத் தேவைப்பட்டார். இது என் ஊகம்தான், ஆனால் ஆதாரமில்லாத ஊகம் இல்லை. தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டமே ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான் 18-9-1949 அன்று கொட்டும் மழையில் நடந்தது. வடசென்னைத் தொழிலாளர் பகுதிகளை விட்டால் கட்சிக்குச் சென்னையில் கால் ஊன்ற வேறு இடம் அப்போது இல்லை.

1953க்கு வருவோம். ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டப்படி ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாளைக்கு 3 மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். முதலில் இது கிராமப்புறப் பள்ளிகளுக்குத்தான் வந்தது, நகரத்துக்கு இல்லை. அதாவது சத்தியவாணி முத்து வேலை செய்த தெருக்களின் பிள்ளைகளை அது உடனே தொடவில்லை. ஆனாலும் அவர் தெருவில் இறங்கிக் கைதானார். தகப்பன் தொழில் என்றால் எந்தச் சாதிக்கு எந்தத் தொழில் என்று அவர் கூட்டத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மலம் அள்ளுகிறவர் பிள்ளை மத்தியானத்துக்கு மேல் எங்கே போக வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும். 1954ல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. பதவி தேடி வருகிறவருக்கு 1953ல் தி.மு.க.வில் கொடுக்க எந்தப் பதவியும் கிடையாது. கட்சி தேர்தலிலேயே நிற்கவில்லை. இதனால்தான் ‘கட்சி தூக்கி உட்கார வைத்த பெண்’ என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

1957 தேர்தலில் தி.மு.க. முதன்முறையாக நின்றது. அப்போது அது அங்கீகாரம் பெற்ற கட்சி இல்லை என்பதால் பழைய பட்டியல்களில் அவர் பெயருக்கு எதிரே சுயேச்சை என்று இருக்கும், குழம்ப வேண்டாம். பெரம்பூர் அப்போது ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கும் இரண்டு உறுப்பினர் தொகுதி. மாநிலம் முழுக்கக் கட்சியில் 15 பேர் வென்று சட்டமன்றம் போனார்கள். அண்ணா, கலைஞர், அன்பழகன் இருந்த அந்தக் குழுவில் இவரும் ஒருவர். 1962ல் கட்சி 50 இடம் பிடித்தபோது அவர் தோற்றார், அண்ணாவும் காஞ்சிபுரத்தில் தோற்றார். தோற்ற பிறகும் பிரசாரச் செயலாளர் வேலையை விடவில்லை. 1967 வெற்றிக்கு முந்தைய அந்த ஐந்து வருடம்தான் ஊர் ஊராகப் போய்ப் பேசிய காலம்.

6-3-1967 அன்று பதவியேற்ற அண்ணா அமைச்சரவையில் மொத்தம் 9 பேர். அதில் ஒரே பெண் இவர். இங்கே ஒரு தவறான செய்தியைத் திருத்த வேண்டும். இவரைத் ‘தமிழகத்தின் முதல் பெண் அமைச்சர்’ என்று சில பதிவுகளில் எழுதுகிறார்கள். அது சரியில்லை. 1946ல் சென்னை மாகாணத்தில் ருக்மிணி லட்சுமிபதி அமைச்சராக இருந்திருக்கிறார், 1950களில் ஜோதி வெங்கடாசலம் இருந்திருக்கிறார். திராவிடக் கட்சி ஆட்சியின் முதல் பெண் அமைச்சர் என்பதுதான் சரி. அவருடைய பெருமைக்கு அதுவே போதும், மற்றவர்களை அழித்துத்தான் இவரை எழுத வேண்டும் என்பதில்லை.

இனி நீங்கள் கேட்டதில் கடினமான பகுதி, ஏன் விலகினார் என்பது. அண்ணாவுக்குப் பிறகு தாழ்த்தப்பட்டோர் நலன் கட்சியிலும் ஆட்சியிலும் புறக்கணிக்கப்படுகிறது என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். கட்சிக்காரர்களைக் கேட்டால் சொந்தக் கோபம், பதவிச் சண்டை என்பார்கள். அறைக்குள் நடந்ததை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நமக்கு வழியில்லை. அதனால் அவருக்குக் கொடுத்த துறை என்ன செய்ய முடிந்தது, என்ன செய்ய முடியவில்லை என்று பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து.

அரிஜன நலத் துறை விடுதி கட்டலாம், உதவித்தொகை கொடுக்கலாம், வீட்டுமனைக்கும் கிணற்றுக்கும் பணம் ஒதுக்கலாம். நிலம் வருவாய்த் துறையிடம் இருந்தது, போலீஸ் உள்துறையிடம் இருந்தது, கூலி விவகாரம் வேறு துறையிடம் இருந்தது. 25-12-1968 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட மக்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அவர் அந்த மக்களின் நலத்துக்கென்று பொறுப்பில் இருந்த அமைச்சர். ஆனால் அந்த இரவைத் தடுத்திருக்கக்கூடிய எந்தக் கோப்பும் அவர் மேசைக்கு வருவதில்லை. வெண்மணியைப் பற்றி எழுதுகிறவர்கள் அன்றைய ஆட்சியை விமர்சிப்பது சரி. அந்த விமர்சனத்தை இவர் தலையில் மட்டும் இறக்கிவிட்டுப் போவது அநியாயம்.

ஒப்பிட ஓர் ஆள் இருக்கிறார். காங்கிரஸ் ஆட்சியில் கக்கன் பொதுப்பணித் துறை பார்த்தார், பிறகு உள்துறையே பார்த்தார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த ஒருவரிடம் போலீஸைக் கொடுத்த மாநிலம் இது. அதற்கு அடுத்து வந்த ஆட்சியில் சத்தியவாணி முத்துவிடம் முதன்மையாக இருந்தது தம் மக்களின் நலத்துறைதான். சமூக நீதி பேசும் கட்சியின்மேல் மதிப்புள்ள நானே இந்த ஒப்பீட்டைப் பார்த்து வருத்தப்படுகிறேன். செய்தித் துறை தரப்பட்டதில் மட்டும் அவருடைய இதழ் அனுபவத்துக்கு ஒரு மரியாதை இருந்தது.

அதே சமயம் ஒரு பக்கத்தையே சொல்லவும் கூடாது. அவர் அமைச்சராக இருந்த காலத்தில்தான் 1971ல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் இட ஒதுக்கீடு 16 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 1970ல் குடிசை மாற்று வாரியம் வந்தது. வியாசர்பாடியில் அம்பேத்கர் பெயரில் அரசு கலைக் கல்லூரி வந்ததும் 1970களின் முற்பகுதியில்தான். இதில் எது அவர் அழுத்தத்தால் வந்தது, எது ஆட்சியின் பொதுப் போக்கில் வந்தது என்று பிரித்துக் காட்டுவதற்கு அமைச்சரவைக் கோப்புகளைப் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் அவர் பெயரில் எழுதும் நினைவு மலர்களும் சரி, எதிலும் அவர் பெயரே இல்லாத ஆட்சி வரலாறுகளும் சரி, இந்த வேலையைச் செய்யவில்லை.

தனிக்கட்சி நிலைக்கவில்லை. 1972ல் எம்.ஜி.ஆர். பிரிந்துபோய்த் தி.மு.க.வுக்கு எதிரான ஓட்டையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்த நேரம் அது. பணமும் இல்லாமல் நட்சத்திரமும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு கழகம் நிற்க இடமில்லை. அவர் அ.தி.மு.க.வுக்குப் போனதைச் சந்தர்ப்பவாதம் என்கிறவர்கள் உண்டு. தனியாக நின்று பார்த்துவிட்டு, வேறு வழி இல்லாமல் போனார் என்று நான் வாசிக்கிறேன். ஆகஸ்ட் 1979ல் அவரும் புதுச்சேரி பாலா பழனூரும் சரண் சிங் அமைச்சரவையில் சேர்ந்தார்கள். திராவிடக் கட்சி ஒன்றிலிருந்து மத்திய அமைச்சரானவர்களில் முதல் இருவர் இவர்கள்தான். ஆனால் அந்த ஆட்சி நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலே கவிழ்ந்து காபந்து அரசாகத் தொடர்ந்தது. எனவே அவர் டெல்லியில் என்ன சாதித்தார் என்று கேட்பதில் பொருளில்லை, யாருக்குமே அங்கே அவகாசம் இருக்கவில்லை.

தையல் இயந்திரத் திட்டத்துக்கு அவர் பெயர் வைத்தது சமூக நலத் துறை. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத் திறனாளிப் பெண்கள் என்று தையல் தெரிந்த ஏழைப் பெண்களுக்கு அது போகிறது. சென்ட்ரல் பக்கம் கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடியிருப்பும் இருந்தது. அங்கே இருந்தவர்களைப் பிற்பாடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் இடமும் பிள்ளைகளின் பள்ளியும் இங்கே இருக்க, நகரத்தின் மறு கோடிக்கு. அவர் இருந்திருந்தால் சட்டமன்றத்தில் எழுந்து கேட்டிருப்பார் என்று அந்த நகர்க்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். இதைச் சான்றாக எடுக்காதீர்கள், அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

எனவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பத்திரிகையாளராக இருந்துவிட்டு அரசியலுக்குத் தாவியவர் இல்லை அவர். இதழும் மேடையும் சிறையும் ஒரே வேலையாகச் செய்தவர், அந்த வேலை அவரை அமைச்சராக்கியது. விலகியதும் அதே வேலையின் தொடர்ச்சி. மேற்கொண்டு படிக்க ஆசைப்பட்டால் முதலில் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் 1957லிருந்து 1962 வரையிலான தொகுதிகளை எடுங்கள். எதிர்க்கட்சி வரிசையில் இருந்து அவர் எழுப்பிய கேள்விகள் அவர் வார்த்தையிலேயே கிடைக்கும். அப்புறம் அதே துறைமீது 1967க்குப் பிறகு அமைச்சராக அவர் சொன்ன பதில்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். கன்னிமாரா நூலகத்திலும், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், வேப்பேரி பெரியார் திடல் நூலகத்திலும் பழைய இயக்க இதழ்களைக் கேட்டுப் பாருங்கள். பெரம்பூரில் எண்பது தாண்டியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் போனில் பதிவு செய்துகொண்டு பேசுங்கள். ஆண்டு கேட்காதீர்கள், எந்தத் தெருவில் எந்த மேடை, பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேளுங்கள். ஆண்டை நாளிதழ் பார்த்து நாம் போட்டுக்கொள்ளலாம்.